ரெதாங்கோத்: 1787ஆம் ஆண்டுப் பாரிஸ் பெண்களின் கோட்-கவுனைத் தைக்க முழுமையான வழிகாட்டி

கழுத்தைச் சுற்றி இரண்டு மூன்று அடுக்காக விழும் காலர். மார்பின் இரு பக்கமும் அகலமாக மடிந்து விரியும் லேப்பல். மணிக்கட்டு வரை ஒட்டிப் பிடிக்கும் கை. பெரிய உலோகப் பட்டன்கள். இடுப்புக்கு மேலே மட்டும் பார்த்தால் குதிரைவண்டி ஓட்டுபவரின் கோட் போல இருக்கும். கீழே பார்த்தால், பின்னால் கொசுவம் கொசுவமாகப் பொங்கித் தரை வரை விழும் கவுன். பிரெஞ்சுப் புரட்சிக்கு முந்தைய சில ஆண்டுகளில் பாரிஸ் பெண்கள் விரும்பி உடுத்திய ரெதாங்கோத் இதுதான்.

பெயர் இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே குதிரையேறும்போது போடும் 'ரைடிங் கோட்' 1720களில் பிரான்சுக்குப் போய், பிரெஞ்சு நாக்கில் ரெதாங்கோத் ஆனது. ஐம்பது, அறுபது ஆண்டுகள் அது ஆண்களின் மேல்கோட்டாகவே இருந்தது. 1780களில் பாரிசில் ஆங்கில மோகம் உச்சத்துக்கு ஏறியது. ஆங்கிலத் தோட்டம், ஆங்கிலக் குதிரைப் பந்தயம், ஆங்கிலக் கம்பளித் துணி என்று எல்லாம் வந்தபோது கோட்டும் பெண்கள் பக்கம் வந்தது.

ஒரேயடியாக வந்துவிடவில்லை. குதிரையேறும் பெண்களுக்கு அதற்கு முன்பே 'அமசோன்' என்று ஓர் உடை இருந்தது: ஆண்கள் கோட் போன்ற ஜாக்கெட், உள்ளே வெயிஸ்ட்கோட், கீழே நீளப் பாவாடை. மாரி அந்துவானெத் அரசியே அந்த உடையில் ஓவியத்துக்கு நின்றிருக்கிறார். பெண்களின் உடைகளைத் தைக்கப் பெண் தையல்காரர்களுக்கு 1675லேயே பாரிசில் தனிச் சங்கம் கிடைத்துவிட்டது. இருந்தும் அமசோனைப் பெரும்பாலும் ஆண் தையல்காரர்களே தைத்தார்கள். அதனால் அதில் ஆண்கள் கோட்டின் வெட்டு ஒழுங்கு இருந்தது. அந்த ஒழுங்கை ஒரு கவுனுக்குள் கொண்டுவந்தால் ரெதாங்கோத்.

அதற்கு முந்தைய பிரெஞ்சு கவுன்களில் லேஸ், சுருக்கு வைத்த பட்டி, ரிப்பன் பூ என்று மேற்பரப்பு முழுக்க அலங்காரம். வெட்டில் ஒரு பிசகு இருந்தாலும் ரிப்பன் மறைத்துவிடும். இந்த உடையில் மறைக்க எதுவும் இல்லை. தையல் கோடு, காலரின் விழுகை, பட்டன் வரிசை, இந்த மூன்றுதான் அழகு. நான் முதலில் தைத்தபோது காலரில் மயங்கி அங்கிருந்துதான் தொடங்கினேன். மூன்று அடுக்கும் அருமையாக வந்தன. போட்டுப் பார்த்தால் முதுகு கோணிக்கொண்டு நின்றது. எல்லாவற்றையும் பிரித்தேன். அதனால் கீழே உள்ள வரிசை முதுகிலிருந்து முன்னால் வருகிறது. லைனிங் வைத்த ரவிக்கையைச் சுருக்கமில்லாமல் தைக்கத் தெரிந்தவர் யாரும் இதைத் தைத்துவிடலாம். கொஞ்சம் பொறுமையும் ஒரு மாதக் காலமும் வேண்டும்.

ஆண்டை முடிவு செய்யுங்கள்

'பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு உடை' என்று பொதுவாகத் தொடங்கினால் எதுவும் சரியாக வராது. பத்து ஆண்டுகளுக்குள் இடுப்புக் கோடு, பாவாடை அகலம், தலைமுடி எல்லாம் மாறிய காலம் அது.

1778ஐ ஒட்டி வந்த 'லெவித்' என்ற உடையும் கோட் போலத்தான் தெரியும். ஆனால் அது தளர்வானது, சால்வை போல உருண்டு விழும் காலர் கொண்டது, இடுப்பில் துணிப்பட்டை கட்டுவது. அதை ரெதாங்கோத் என்று எண்ணித் தைப்பவர்கள் உண்டு. இரண்டும் வேறு. அமசோனில் ஜாக்கெட்டும் பாவாடையும் தனித்தனி. ரெதாங்கோத்தில் மேலும் கீழும் ஒரே உடையாக இணைந்திருக்கும், முன்பக்கம் இடுப்பிலிருந்து திறந்து உள்ளே உடுத்திய மாற்று நிறப் பாவாடையைக் காட்டும்.

1786 முதல் 1789 வரைதான் இதன் பொற்காலம். இந்த வழிகாட்டி 1787ஐ வைத்து எழுதியது: இயல்பான இடத்தில் இடுப்பு, முன்னால் பொங்கும் கழுத்துத் துணி, பின்னால் திண்டு, பெரிய தொப்பி. 1790இல் வந்த ஒரு ஃபேஷன் படத்தில் 'தேசபக்தப் பெண்ணின் புதிய சீருடை' என்று நீலம், வெள்ளை, சிவப்பு நிறங்களில் இதே உடை இருக்கிறது. நாடகத்துக்காகப் புரட்சிக் காலப் பெண் வேண்டுமென்றால் அந்த நிறங்களை எடுத்துக்கொள்ளுங்கள், வெட்டில் பெரிய மாற்றம் வேண்டாம். 1795க்குப் பிறகு இடுப்புக் கோடு மார்புக்குக் கீழே ஏறிவிடுகிறது. அது வேறு உடை, இந்த வெட்டு அதற்கு உதவாது.

படங்களைப் பார்க்கும் முறை

நமக்கு நல்ல காலம். பாரிசில் 1778 முதல் 1787 வரை 'காலரி தெ மோத்' என்ற பெயரில் நூற்றுக்கணக்கான வண்ண உடைப் படங்கள் வெளிவந்தன. 1785 நவம்பரில் 'காபினே தெ மோத்' என்ற இதழ் 15 நாளுக்கு ஒரு முறை வரத் தொடங்கியது. படத்தோடு துணியின் நிறம், பட்டன், தொப்பி வரை விவரித்து எழுதினார்கள். அடுத்த ஆண்டு அதன் பெயரில் 'பிரெஞ்சு, ஆங்கிலப் புதிய ஃபேஷன்கள்' என்று இங்கிலாந்தையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆங்கில மோகத்துக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிக்கா இணையதளத்திலும், ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் தளத்திலும் அக்காலப் ஃபேஷன் படங்களை இலவசமாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

படம் வரைபவர் இடுப்பைச் சுருக்கியும் பின்பக்கத்தைப் பெருக்கியும் வரைவார் என்பதை நினைவில் வையுங்கள். நிறத்துக்கும் அணிகலனுக்கும் படத்தை நம்புங்கள். தையல் எங்கே ஓடுகிறது என்பதற்கு, இன்றும் எஞ்சியிருக்கும் உடைகளின் புகைப்படங்களை நம்புங்கள். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி கலை அருங்காட்சியகத்தில் 1790ஐ ஒட்டிய ரெதாங்கோத் ஒன்று உள்ளது. எந்த உடையானாலும் முதுகுப் பக்கப் படம் கிடைத்தால் முதலில் அதைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளுடை இல்லாமல் அளவு எடுக்காதீர்கள்

கவுன் உடம்பின் மேல் உட்காருவதில்லை, உள்ளுடையின் மேல் உட்காருகிறது. ஆகவே துணியில் கத்தரி வைக்கும் முன் இவை தயாராக இருக்க வேண்டும்:

முதலாவது ஷெமீஸ். முழங்காலுக்குக் கீழ் வரை வரும் லினன் உள்சட்டை. அதன் மேல் ஸ்டேஸ். முன்பின் துணி அடுக்குகளுக்கு இடையே திமிங்கிலத்தின் வாய்த்தகடுகளைக் கீறி நுழைத்துத் தைத்த கச்சு அது. 1780களில் அது முன்பைவிட இலகுவாகிவிட்டது, தகடுகளும் குறைந்துவிட்டன. இன்று தகட்டுக்குப் பதில் மின்சாரக் கடையில் கிடைக்கும் அகலமான பிளாஸ்டிக் கேபிள் டை போதும். முனையை உருட்டித் தேய்த்துவிட வேண்டும், இல்லையென்றால் குத்தும். இடுப்பை நெரிப்பது இதன் வேலை அல்ல. உடம்பைக் கூம்பு வடிவமாக்கி, மார்பை உயர்த்தி, தோள்களைப் பின்னால் இழுத்து நிறுத்துவதுதான் வேலை. மூச்சு முட்டினால் கச்சு தவறாக வெட்டப்பட்டிருக்கிறது என்று பொருள்.

அடுத்தது பின்திண்டு. பிறை வடிவத்தில் ஒரு தலையணை செய்து, நாடாவால் இடுப்பில் கட்டுவது. அக்காலத்தில் தக்கை, குதிரை முடி எல்லாம் அடைத்தார்கள். இலவம்பஞ்சு நன்றாகவே வேலை செய்கிறது. நடுவில் 10 முதல் 12 செ.மீ. தடிமன் வந்து பக்கங்களில் மெலிந்து போகட்டும். அதன் மேல் வெள்ளை உள்பாவாடை ஒன்று. ஷெமீஸுக்கு மேலே, பாவாடைகளுக்கு அடியில் நாடாவில் கோத்த இரண்டு பைகள் இடுப்பின் இரு பக்கமும் தொங்கும். பாவாடையின் பக்கக் கிழிப்பு வழியே கையை விட்டு எடுக்கலாம். பெண்களின் உடையில் உருப்படியான பை இருந்த காலம் அது. தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்.

இத்தனையும் போட்டுக்கொண்டுதான் மார்பு, இடுப்பு, முதுகு நீளம், கையை மடக்கிய நிலையில் தோளிலிருந்து மணிக்கட்டு வரை எல்லாம் அளக்க வேண்டும். அக்காலத் தையல்காரரிடம் இஞ்ச் டேப் கிடையாது. ஒரு நீளக் காகிதப் பட்டையை வாடிக்கையாளரின் உடம்பில் வைத்து, ஒவ்வோர் அளவுக்கும் ஒரு சிறு வெட்டுக் குறி போட்டு வைத்துக்கொள்வார். ஒரு பட்டை, ஒரு ஆள். நானும் இப்போது அப்படியே செய்கிறேன். எண்ணைப் படித்து மாற்றி எழுதும்போது வரும் தவறுகள் இதில் வருவதில்லை.

துணி

நல்ல கம்பளி என்றால் அழுத்தி அடித்துப் பதப்படுத்திய, மேலே நூல் தெரியாத வகை. இந்த உடையின் பிறப்புத் துணி அதுதான். அதில் ஒரு சௌகரியம்: வெட்டிய ஓரம் பிரியாது. பழைய கோட்களில் காலர் ஓரத்தை மடித்துத் தைக்காமல் வெட்டியபடியே விட்டிருப்பார்கள், அதனால்தான் அந்தக் கூர்மை. அதற்கு அடுத்து டஃபெட்டா, சாட்டின் போன்ற பட்டு. 1780களின் பிற்பகுதியில் கோடு போட்ட பட்டு எங்கும் இருந்தது.

வெயில் ஊரில் மேடையில் அணிவதற்கு என்றால் கம்பளியை வற்புறுத்த மாட்டேன். கனமான காட்டன் சாட்டின், அல்லது விறைப்பான பட்டு நன்றாக இருக்கும். பாலியெஸ்டர் சாட்டின் மட்டும் வேண்டாம். விளக்கு வெளிச்சத்தில் அதன் மினுமினுப்பு எல்லாக் கோடுகளையும் அழித்துவிடும், கொசுவமும் நிற்காது. கம்பளியோ பருத்தியோ, வெட்டும் முன் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள்.

கணக்கு: 150 செ.மீ. அகலத் துணி என்றால் கவுனுக்கு 5 முதல் 6 மீட்டர். 110 செ.மீ. என்றால் 7 மீட்டர். கவுனின் திறப்பில் தெரியும் மாற்று நிறப் பாவாடைக்கு 3 மீட்டர், முன்துண்டு மட்டும் உள்ள பொய் வெயிஸ்ட்கோட்டுக்கு அரை மீட்டர், லைனிங்குக்கு லினன் அல்லது கெட்டியான பருத்தி 1.5 மீட்டர். லைனிங் மேல்பகுதிக்கும் கைக்கும் மட்டும்தான். பாவாடைப் பகுதிக்கு லைனிங் போடாமலே விடலாம்.

நிறத்தில் தைரியமாக இருங்கள். ஆப்பிள் பச்சை, கேனரிக் குருவி மஞ்சள், அடர் நீலம், இவை எல்லாம் அந்தக் காலத்து விருப்பங்கள். காலருக்கும் வெயிஸ்ட்கோட்டுக்கும் எதிர்நிறம் கொடுத்தால் கோட்டின் கோடுகள் தூரத்திலிருந்தே தெரியும்.

முதுகு

முதலில் காடாத் துணியில் ஒரு மாதிரி தைத்துப் பார்க்க வேண்டும். இதைத் தாண்டிக் குதிக்க முயலாதீர்கள்.

முதுகு நான்கு துண்டு. நடுவில் இரண்டு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. நடுத் துண்டுகள் தோளில் அகலமாகத் தொடங்கி, இடுப்புக்கு வரும்போது ஒவ்வொன்றும் 2 முதல் 3 செ.மீ. வரை குறுகி, இடுப்புக்குக் கீழே நடுவில் ஒரு முனையாகக் கூடும். இரண்டு வளைந்த தையல் கோடுகளும் தோளின் பின்புறத்திலிருந்து புறப்பட்டு ஆலிலைக் காம்பு போல ஒன்றுகூடுவதைப் பார்த்தால் புரியும். முதுகு அகலம் குறைந்தும் இடுப்பு சிறுத்தும் தெரிவது இந்தக் கோடுகளால்தான். இடுப்பில் நடுத் துண்டை 5 செ.மீ. அகலமாக விட்டாலே போதும், உடை இன்றைய பார்ட்டி கவுன் போல ஆகிவிடும்.

இன்றைய ரவிக்கையில் தோள் தையல் தோளின் உச்சியில் ஓடும். இதில் அது பின்னால் இறங்கி, தோள்பட்டை எலும்பை நோக்கிச் சாயும். கைக்குழியும் பின்னால் தள்ளியே இருக்கும். நிமிர்ந்த முதுகு, பின்னுக்குப் போன தோள், இதுதான் அக்கால நிலை. உடையும் அதற்காகவே வெட்டப்பட்டது.

மாதிரியைப் போடுபவரின் உடம்பில் உள்பக்கம் வெளியே தெரியும்படி மாட்டி, தையல்களை ஊசியால் பிடித்துக்கொண்டே வாருங்கள். குறுக்கே சுருக்கம் ஓடினால் இறுக்கம். நெடுக்கே தொங்கினால் தளர்வு. சாய்வாக ஓடினால் அந்தச் சுருக்கம் எந்த இடத்தைக் காட்டுகிறதோ அங்கே தையலைத் திருத்த வேண்டும். இதில் ஒரு முழு மாலையைச் செலவிடலாம்.

மாதிரி சரியானதும் அதைப் பிரித்து, லைனிங்கும் மேல்துணியும் வெட்டுங்கள். நடுமுதுகுத் தையலைப் பின்தையலில் இறுக்கமாகப் போடுங்கள். வளைந்த தையல்களை அக்காலப் பெண் தையல்காரர்கள் போட்ட மாதிரி போட்டால் மிக அழகு: நடுத் துண்டின் ஓரத்தை உள்ளே மடித்து, பக்கத் துண்டின் மேல் ஏற்றி வைத்து, மேலிருந்தே சிறு சிறு தையலாகக் குத்திக்கொண்டு போவது. நூலை மெழுகில் இழுத்துக்கொள்ளுங்கள். 1 செ.மீ. இடத்தில் 4 தையல் விழுந்தால் போதும். உள்ளே மறையும் நீளத் தையல்களுக்கு மெஷினைப் பயன்படுத்துவதில் தவறில்லை. வெளியே தெரியும் தையல் கையால்தான் வர வேண்டும்.

முன்பக்கமும் பொய் வெயிஸ்ட்கோட்டும்

முன்பக்கம் பக்கத்துக்கு ஒரே துண்டு. மார்பில் கூடி, இடுப்பிலிருந்து விலகிப் பின்னால் வளைந்து போகும். துணியை உள்ளே மடித்துப் பிடித்து வடிவம் கொடுக்கும் டாட் எதுவும் கிடையாது. வடிவத்தைக் கச்சு கொடுத்துவிடுகிறது, துணி அதன் மேல் மென்மையாகப் படிந்தால் போதும்.

நிஜமான வெயிஸ்ட்கோட் போட்டால் இடுப்பில் துணி அடுக்கிக்கொண்டு தடிக்கும். ஆகவே மாற்றுத் துணியில் இரண்டு முன்துண்டு மட்டும் வெட்டி, கோட்டின் பக்கத் தையலிலோ லைனிங்கிலோ உள்ளே சேர்த்துத் தைத்துவிடுங்கள். நடுவில் சிறு பட்டன்களால் மூடிக்கொள்ளலாம். அதன் கீழ்முனை கோட்டின் இடுப்பிலிருந்து இரண்டு விரல் கீழே எட்டிப் பார்த்தால் அழகு.

லேப்பலுக்கு உள்ளே விறைப்பு வேண்டும். அக்காலத்தில் பசை ஏற்றி விறைப்பாக்கிய லினனைப் பயன்படுத்தினார்கள். தையல் கேன்வாஸை வாங்கி, லேப்பலை விரலில் உருட்டிப் பிடித்தபடி சாய்வுத் தையலால் கோத்துக்கொண்டு போங்கள். தைக்கும்போதே வளைந்து நிற்கும் பழக்கம் துணிக்கு வந்துவிடும். இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும் கேன்வாஸ் சீக்கிரம் முடியும், ஆனால் லேப்பல் அட்டை மாதிரி படுத்துக்கொள்ளும்.

கை

மேடைக்காக இந்த உடையைக் கேட்பவர்கள் எல்லாரும் சொல்லும் புகார் ஒன்றுதான்: கையைத் தூக்க முடியவில்லை. உடனே கைக்குழியைக் கீழே இறக்கிப் பெரிதாக வெட்டுவார்கள். அப்போது இன்னும் மோசமாகும், கையைத் தூக்கினால் கவுன் முழுவதும் கூடவே எழும்பும். சரியான வழி நேர் எதிரானது. கைக்குழியைச் சின்னதாக்கி, அக்குளுக்கு நெருக்கமாக உயர்த்துங்கள். கை அசையும்போது உடம்புப் பகுதி அசையாமல் நிற்கும். முதல் ஐந்து நிமிடம் அணிபவருக்கு ஒட்டிப் பிடித்தது போல இருக்கும், பிறகு மறந்துபோகும்.

கையை நேராக வெட்டக் கூடாது. முழங்கையில் வளைவு வேண்டும். கம்பளியில் மேல் ஒன்று, கீழ் ஒன்று என இரண்டு துண்டாக வெட்டுவது எளிது. பட்டில் ஒரே துண்டைக் கிராஸில், அதாவது நூலுக்குச் சாய்வாக, வெட்டினால் கையோடு இழைந்து போகும். மணிக்கட்டில் ஒரு சிறு கிழிப்பு விட்டு இரண்டு மூன்று பட்டன். பொருத்தும்போது அக்குள் பக்கத்தை முதலில் பின்தையலில் தைத்து, உடையை அணிவித்து, தோள் பக்கத்தை உடம்பிலேயே சரிபார்த்து ஊசி குத்திக்கொள்ளுங்கள். அந்த மேல் ஓரத்தை, தோளின் மேல் வைத்துத் தைக்கும் தோள்பட்டித் துண்டு மூடிவிடும், அதன் மேல் காலர் விழும்.

பாவாடையும் கொசுவமும்

கவுனின் பாவாடைப் பகுதி நேர்த்துணிகளை இணைத்த செவ்வகம்தான், கலி வெட்டு கிடையாது. பட்டில் மொத்த அகலம் 3 மீட்டர், கனத்த கம்பளியில் 2.2 மீட்டர். முன்னால் இரு பக்கமும் இடுப்பில் 10 செ.மீ. அளவுக்கு வெறுமையாக விட்டு, அங்கிருந்து பின்னால் தொடங்க வேண்டும்.

70 செ.மீ. இடுப்பு என்றால் கொசுவத்துக்கு 50 செ.மீ. கிடைக்கும். 3 மீட்டர் துணி அதில் அடங்க வேண்டும், அதாவது ஒன்றுக்கு ஆறு. ஒவ்வொரு கொசுவமும் 1 செ.மீ. வெளியே தெரிந்து 5 செ.மீ. உள்ளே மறையும். பக்கத்துக்கு 25 கொசுவம். எல்லாம் நடுமுதுகை நோக்கிப் படுக்க வேண்டும். சேலைக் கொசுவம் பழகிய விரலுக்கு இந்த வேலை கடினமே இல்லை. ஒவ்வொன்றையும் இரண்டு வரிசை ஓட்டுத்தையலால் பிடித்துக்கொண்டு, பிறகு மேல்பகுதியின் மடித்த ஓரத்தோடு சேர்த்து, கொசுவம் கொசுவமாகச் சுற்றித் தையுங்கள். பக்கத்தில் பைக்குக் கைவிட ஒரு கிழிப்பு விட மறக்க வேண்டாம்.

இங்கே பலர் தவறவிடும் ஒன்று உண்டு. பின்திண்டின் மேல் ஏறி இறங்க வேண்டியிருப்பதால் பின்பக்கத்துக்கு நீளம் அதிகம் வேண்டும். கீழ் ஓரத்தை வளைத்து வெட்டிச் சரிசெய்யாதீர்கள். கீழ் ஓரம் துணியின் நேர் நூலிலேயே இருக்கட்டும், வித்தியாசத்தை மேலே இடுப்பில் மடித்துச் சரிக்கட்டுங்கள். கோடு போட்ட துணி என்றால் இதன் அருமை உடனே தெரியும்.

உள்ளே தெரியும் மாற்று நிறப் பாவாடை சுலபம். 2.5 முதல் 3 மீட்டர் அகலத்தில் இரண்டு துண்டு, பக்கங்களில் கிழிப்பு, முன்பட்டையும் பின்பட்டையும் தனித்தனி நாடா.

காலர், பட்டன்

இப்போதுதான் காலருக்கு வருகிறோம். முதல் காலர் கழுத்தை ஒட்டி 7 அல்லது 8 செ.மீ. அடுத்தது தோளில் விழும் 13 செ.மீ. மூன்றாவது வேண்டுமென்றால் 20 செ.மீ. கீழே விழும் இரண்டையும் வரைய ஒரு வழி: முன்துண்டு, முதுகுத் துண்டு இரண்டின் தாளையும் தோள் தையலில் சேர்த்து வைத்து, அதன் மேல் கழுத்து வளைவை அப்படியே நகலெடுத்து வெளி ஓரத்தை வரையுங்கள். தோளில் தூக்கிக்கொள்ளாமல் படியும். குள்ளமானவர்களுக்கு இரண்டு அடுக்கே போதும், மூன்று போட்டால் கழுத்து காணாமல் போய்விடும்.

பட்டன் 2.5 முதல் 3.5 செ.மீ. விட்டம். 1780களில் ஆண் பெண் இருவருக்குமே பெரிய பட்டன் மேல் ஆசை. எஃகு, முலாம் பூசிய செம்பு, முத்துச்சிப்பி என்று பல வகை இருந்தன. லேப்பலுக்குப் பக்கத்துக்கு ஐந்து வைக்கலாம். இவற்றில் பெரும்பாலானவை அலங்காரத்துக்குத்தான், உடையை மூடுவது உள்ளே இருக்கும் ஹூக். ஆனாலும் காஜாவைக் கையால் பட்டு நூலில் எடுங்கள். மெஷின் காஜா இந்த உடையில் தூரத்திலிருந்தே கண்ணை உறுத்தும்.

அணியும் வரிசை

காலுறையும் காலணியும் முதலில். கச்சு போட்ட பிறகு குனிவது சிரமம். ஷெமீஸ், கச்சு, பை, திண்டு, வெள்ளை உள்பாவாடை, அதன் மேல் மாற்று நிறப் பாவாடை, அப்புறம் கழுத்துத் துணி, கடைசியில் ரெதாங்கோத்.

ஃபிஷு என்ற அந்தக் கழுத்துத் துணிக்கு மெல்லிய மஸ்லின் வேண்டும். சதுரத்தை முக்கோணமாக மடித்துக் கழுத்தைச் சுற்றி, முன்னால் புறாவின் நெஞ்சு போலப் பொங்கவிட்டு, முனைகளை வெயிஸ்ட்கோட்டுக்குள் செருகுவார்கள். பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை இந்திய அச்சுப் பருத்தித் துணிகளைத் தடைசெய்து வைத்திருந்தது, அப்படியும் ஆசை அடங்கவில்லை. தடை நீங்கிய பிறகு சந்திரநாகூர், புதுச்சேரி போன்ற பிரெஞ்சு வணிகத் தளங்களில் கப்பல் ஏறிய பருத்தித் துணிகளும் பாரிஸ் கடைகளுக்குப் போயின. நம் நெசவாளர் கை பட்ட துணி அந்த ஊர்ப் பெண்களின் கழுத்தில் இருந்திருக்கிறது என்பதை நினைத்தால், இந்த ஒரு துண்டுக்காவது கைத்தறி மஸ்லினைத் தேடி வாங்கத் தோன்றும்.

தலைமுடி உச்சியில் உயர்வதைவிடப் பக்கவாட்டில் பரந்து, சுருள் சுருளாகக் கலைந்து, நீளமான சில சுருள்கள் பின்னால் தொங்கும். அதன் மேல் அகல விளிம்புத் தொப்பியோ உயரமான தொப்பியோ, ரிப்பனும் இறகும் சேர்த்து. இடுப்பின் இரு பக்கமும் இரண்டு கடிகாரச் சங்கிலி தொங்கவிடுவது அன்றைய வழக்கம், ஒன்று பொய்க் கடிகாரமாக இருந்தாலும் பரவாயில்லை. கையில் ஒரு மெல்லிய பிரம்பு. காலணிக்குக் குதிகால் தாழ்வாக இருக்கட்டும். உலாவப் போவதற்கும் பயணத்துக்கும் பிறந்த உடை இது, அரசவைச் சடங்குக்கு இதைப் போட்டுக்கொண்டு போகவில்லை.

அணிந்ததும் கண்ணாடி முன் முதுகைக் காட்டி நின்று, இன்னொரு கண்ணாடியில் பாருங்கள். நான்கு துண்டும் கூடும் முனை சரியாக நடு எலும்பின் மேல் இருக்க வேண்டும். விலகியிருந்தால் ஹூக்கை மாற்றினால் போதும், தையலைப் பிரிக்க வேண்டியதில்லை. உட்காரும்போது பின்திண்டை நாற்காலியின் முதுகில் சாய்க்காமல் விளிம்பில் உட்காரச் சொல்லுங்கள். கழற்றிய பிறகு ஹேங்கரில் தொங்கவிட்டால் பாவாடையின் எடை தோள்பட்டியை இழுத்துவிடும். கொசுவங்களைப் படிந்தபடி அடுக்கி, லேப்பலுக்குள் சுருட்டிய துணி வைத்து, பழைய வெள்ளை வேட்டியில் சுற்றிப் பெட்டியில் படுக்கவைத்துவிடுங்கள்.